தூத்துக்குடி உப்புக் காற்றில் நிற்கும் சிவப்பு கார்: வாக்ஸா, சீலன்டா?

உப்பளத்து சிவப்பு, தூத்துக்குடி

வணக்கம். எங்கள் கார் 2017 ஸ்விஃப்ட், சிவப்பு நிறம். அப்பா ஓய்வு பெற்ற வருடம் வாங்கியது. 46,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. இப்போது பெரும்பாலும் நான்தான் ஓட்டுகிறேன், வீட்டுக்கும் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குமாக.

வீட்டில் ஷெட் கிடையாது. வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கும். உப்பளம் ஒன்றரை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. காலையில் பானெட்டில் விரல் வைத்தால் லேசாகப் பிசுபிசுக்கும். பத்து மணி வெயில் ஏறியதும் அந்தப் பிசுபிசுப்பு காய்ந்து வெள்ளையாகப் படியும். அதன்மேல் லாரிகள் கிளப்பும் தூசி, வேப்பம்பூ, காக்கை எச்சம்.

போன வருடம் ஒரு கடையில் டெஃப்லான் கோட்டிங் என்று 3,500 ரூபாய் கொடுத்தேன். வண்டியை எடுக்கும்போது புதுசு போல இருந்தது. இரண்டு மாதத்தில் எல்லாம் போய்விட்டது. இப்போது தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக நிற்காமல் அப்படியே பரவி ஒட்டிக்கொள்கிறது. சாயங்கால வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்க சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள்.

இந்த முறை நானே செய்யப் போகிறேன். கையில் 2,000 ரூபாய் இருக்கிறது, இரண்டு நாள் விடுமுறையும் இருக்கிறது. வாக்ஸ், அதாவது மெழுகு, போட்டால் நிறம் ஆழமாகத் தெரியும், ஆனால் வெயிலில் நிற்காது என்கிறார்கள். சீலன்ட் என்கிற செயற்கைப் பூச்சு மாதக்கணக்கில் நிற்கும், ஆனால் பார்க்க உயிரில்லாமல் இருக்கும் என்கிறார்கள். சிவப்பு நிறம் வெளுத்துவிடுமோ என்பதுதான் என் முதல் பயம். இரண்டில் எதை வாங்கட்டும்?

இன்னொன்று. இது முக்கியமா என்று தெரியவில்லை. அப்பா தினமும் காலை ஆறு மணிக்குப் பழைய வேட்டித் துணியால் காரை முழுக்கத் துடைப்பார். ஒரு நாள் தவறியதில்லை.


மூடுபனி, கோத்தகிரி

நான் வாக்ஸ் கட்சி. பதினோரு வருடமாக ஒரே கார், கரும்பச்சை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கார்னவ்பா மெழுகு. சிவப்பு, பச்சை, கறுப்பு போன்ற அடர்ந்த நிறங்களில் மெழுகு தரும் அழகை வேறு எதிலும் நான் பார்த்ததில்லை. எண்ணெய் தேய்த்த தேக்குப் பலகை மாதிரி இருக்கும். சீலன்ட் போட்ட கார் கண்ணாடி போலப் பளிச்சென்று இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கனிவு மட்டும் வருவதில்லை.

தூத்துக்குடிக்காரருக்கு ஒரு செய்தி: கார்னவ்பா கிடைப்பதும் ஒரு பனை வகை மரத்திலிருந்துதான். பிரேசிலின் வடகிழக்குப் பகுதியில், வறண்ட நிலத்தில் வளர்கிறது. கோடையில் தன் ஈரம் போய்விடாமல் இருக்க அந்த மரம் ஓலையின் மேல் மெழுகைப் பூசிக்கொள்கிறது. ஓலையை வெட்டிக் காயவைத்து உதிர்த்தால் மெழுகுப் பொடி கிடைக்கும். வெயிலைத் தாங்கவே பிறந்த மெழுகு. அதன் உருகுநிலை 82 முதல் 86 டிகிரி. உங்கள் பானெட் அவ்வளவு சூடாகாது. அதனால் வெயிலில் உருகி ஓடிவிடும் என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் குளிரில் எனக்கு இரண்டு மாதம், சில சமயம் மூன்று மாதம் நிற்கிறது. உங்கள் ஊரில் எவ்வளவு நாள் என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு வழி சொல்கிறேன். பானெட்டின் நடுவில் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரு பாதியில் வாக்ஸ், மறுபாதியில் சீலன்ட் போட்டுப் பாருங்கள். நாங்கள் ஆயிரம் சொன்னாலும் உங்கள் பானெட் சொல்வதுதான் சரி.


நீர்த்துளி, சென்னை

மூடுபனி சொன்ன உருகுநிலை சுத்தமான கார்னவ்பாவுக்கு. அந்த நிலையில் அது கல் மாதிரி இருக்கும், கையால் பூச முடியாது. டப்பாவில் வருவது அதோடு மென்மையான வேறு மெழுகுகள், எண்ணெய், கரைப்பான் எல்லாம் சேர்ந்த கலவை. அந்தக் கலவை இளகுவதற்கு 82 டிகிரி தேவையில்லை. மே மாத மத்தியானம் திறந்த வெளியில் நின்ற அடர் நிறக் காரின் கூரையில் கையை வைத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வெயிலில் கொஞ்சம், ஒவ்வொரு கழுவலிலும் கொஞ்சம் என்று போய்க்கொண்டே இருக்கும். நான் பாலிமர் துறையில் வேலை செய்கிறேன், வீடு கொட்டிவாக்கத்தில், கடலிலிருந்து மூன்று தெரு தள்ளி. என் அனுபவத்தில் இங்கே வாக்ஸ் ஐந்து, ஆறு வாரத்துக்கு மேல் நின்றதில்லை.

சீலன்ட் என்பது ஆலையில் செய்யும் பாலிமர், பெரும்பாலும் சிலிகோன் வகை. மெழுகு பெயிண்டின் மேல் உட்கார்ந்திருக்கும். சீலன்ட் பெயிண்டைப் பற்றிக்கொண்டு, தானும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அதனால்தான் நாள் அதிகம் வருகிறது. அப்படிப் பின்னிக்கொள்ள நேரம் வேண்டும், 12 மணி முதல் 24 மணி வரை. அதற்குள் தண்ணீர் பட்டால் போட்ட வேலை வீண். இதற்கும் புட்டியின் பின்னால் இருப்பதைப் படியுங்கள், ஒவ்வொன்றுக்கும் மாறும்.

காலைப் பிசுபிசுப்பு என்னவென்று கேட்டால், அது உப்புதான். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். இரவில் கரைசல், பகலில் மறுபடி படிகம். கிளியர் கோட், அதாவது நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சு, நன்றாக இருக்கும்வரை இந்த உப்பு பெயிண்டை ஒன்றும் செய்யாது. கல் பட்டுச் சின்னதாகப் பெயர்ந்த இடம், கதவின் அடி விளிம்பு, வண்டியின் அடிப்பாகம், இங்கெல்லாம்தான் துரு தொடங்கும். வாக்ஸோ சீலன்டோ அந்த இடங்களைக் காப்பாற்றாது. பெயர்ந்த இடங்களில் டச்சப் பெயிண்ட் வைத்துவிடுங்கள். கழுவும்போது அடியிலும் தண்ணீர் அடியுங்கள்.

டெஃப்லான் பற்றி ஒரு வார்த்தை. தோசைக்கல்லில் அந்தப் பொருளை ஒட்டவைக்க 300 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். காரின் பெயிண்டில் அந்தச் சூட்டைக் கொடுக்க முடியாது. அந்தப் பெயரில் கடைகளில் பூசுவது பெரும்பாலும் ஏதோ ஒரு சீலன்ட் அல்லது பாலிஷ்தான். பெயருக்காகப் பணம் கொடுக்காதீர்கள்.


பட்டித்தகடு, மதுரை

டீச்சர், நேர் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியில் வாசலில் நிற்கிற காருக்கு சீலன்ட். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் உங்கள் பதிவில் நான் இரண்டு முறை படித்தது கடைசிப் பத்தியை. அப்பாவின் வேட்டித் துணி.

1988இல் மதுரையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் எடுபிடியாகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் வாட்டர் பேப்பர் தேய்க்கிற வேலை மட்டும். அப்போதெல்லாம் டுக்கோ பெயிண்ட். அம்பாசிடர், பத்மினி. மேலே கிளியர் கோட் என்ற ஒன்றே கிடையாது, நிறம்தான் மேல்தோல். சிவப்பு வண்டியைத் தொட்டால் செங்கல் பொடி மாதிரி கையில் ஒட்டும். பாலிஷ் போட்டுத் தேய்த்தால் துணி முழுக்கச் சிவப்பாகும். வெளுத்துச் செத்த பெயிண்டை அப்படித்தான் எடுப்போம். அதன்மேல் மெழுகு பூசினால் எண்ணெய் உள்ளே இறங்கி நிறம் மறுபடி எழுந்து நிற்கும். அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் மெழுகை விட்டுவிட மாட்டார்கள். நானும் விடவில்லை. என் முதலாளியின் கறுப்பு அம்பாசிடருக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் மெழுகு போட்டது என் கைதான்.

உங்கள் வண்டி வேறு. நிறம் கீழே இருக்கிறது, மேலே கிளியர் கோட். ஈரத் துணியில் பாலிஷ் வைத்து ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள், சிவப்பு வராது. கம்பெனியிலிருந்து வருகிற பெயிண்ட் எல்லாம் சேர்த்தே 100 முதல் 140 மைக்ரான் இருக்கும். அதில் கிளியர் கோட் 40, 50 மைக்ரான். தலைமுடியைவிட மெல்லியது. சிவப்பு வெளுக்காமல் வெயிலைத் தடுக்கிற மருந்து அதற்குள்தான் கலந்திருக்கிறது. நீங்கள் பூசப் போகிற வாக்ஸோ சீலன்டோ ஒரு மைக்ரான்கூட வராது. அதனால் நிறத்துக்காகப் பயந்தால், காப்பாற்ற வேண்டியது கிளியர் கோட்டை. அது தேய்ந்து போனால் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரியும். அப்புறம் எந்த டப்பாவும் உதவாது, மறுபடி பெயிண்ட்தான்.

கிளியர் கோட்டைத் தின்பது இரண்டு. ஒன்று, கடைகளில் ஒவ்வொரு தடவையும் மெஷினில் காம்பவுண்ட், அதாவது பெயிண்டைத் தேய்த்தெடுக்கிற பசை, போட்டு ஓட்டுவது. ஓட்டும்போதெல்லாம் சில மைக்ரான் போகும், போனது வராது. உங்களுக்கு இரண்டு மாதத்தில் பளபளப்பு போனதற்கும் காரணம் ஏறக்குறைய ஊகிக்க முடிகிறது. எண்ணெய்ப் பசையுள்ள கிளேஸ் போட்டால் கீறல்களுக்குள் போய் நிரம்பி அவற்றை மறைத்துவிடும். பத்து கழுவலில் கிளேஸ் போகும், கீறல் எழுந்து வரும். அந்தக் கீறல்கள் புதிதாக வந்தவை இல்லை.

இரண்டாவது, காய்ந்த துணி. வேட்டித் துணி மென்மையானதுதான், துணியின் மேல் தப்பே கிடையாது. துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவே இருக்கிற மணல்தான் வேலையைக் கெடுக்கிறது. கண்ணாடியைக் கீறுகிற மணல் கிளியர் கோட்டை விடுமா? அப்பா வட்டமாகத் துடைக்கிறார் என்று நினைக்கிறேன், அதனால்தான் கீறலும் வட்டமாகத் தெரிகிறது. நீங்கள் உலகத்திலேயே நல்ல சீலன்டை வாங்கிப் பூசினாலும், மறுநாள் காலை ஆறு மணிக்கு அதே துணி வந்தால் அதே கீறல் வரும். வாக்ஸோ சீலன்டோ கீறலைத் தடுக்காது. எச்சம், உப்பு, தூசி ஒட்டாமல் வழுக்கிவிடும், கழுவ லேசாக இருக்கும். அவற்றின் வேலை அவ்வளவுதான்.

ஆனால் அப்பாவிடம் போய் "துடைக்காதீர்கள், நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்று சொல்லிவிடாதீர்கள். இதை மன்றாடிக் கேட்கிறேன். ஓய்வு பெற்ற மனிதருக்குக் காலையில் எழுந்ததும் கையில் ஒரு வேலை இருப்பது பெரிய விஷயம். எத்தனை வருடமாக அந்த வண்டியை ஒரு நாள் விடாமல் தொட்டுப் பார்த்திருக்கிறார். எங்கே என்ன உரசல் இருக்கிறது என்று உங்களைவிட அவருக்குத் தெரியும். வேலையைப் பிடுங்காமல் கருவியை மட்டும் மாற்றுங்கள். செடிக்கு மருந்தடிக்கிற 2 லிட்டர் கைப்பம்பு ஸ்பிரேயர் ஒன்று புதிதாக வாங்குங்கள். அதில் தண்ணீரும் ரெண்டு மூடி கார் ஷாம்பூவும். முதலில் ஒரு பகுதியை நன்றாக நனைக்க வேண்டும், மூன்று நிமிடம் ஊற வேண்டும், மறுபடி நனைத்துத் தூசியை ஓடவிட வேண்டும். அப்புறம் மைக்ரோஃபைபர் துணியை எட்டாக மடித்து, அழுத்தாமல், ஒரே திசையில் இழுக்க வேண்டும். ஒரு பக்கம் அழுக்கானால் அடுத்த மடிப்பு. காக்கை எச்சம் இருந்தால் ஈரத் துணியை அதன்மேல் பத்து நிமிடம் போட்டு வைத்துவிட்டு எடுக்க வேண்டும், சுரண்டவே கூடாது. தினமும் வேண்டாம், வாரம் மூன்று நாள் போதும். மற்ற நாட்களில் கண்ணாடி, டயர், உள்பக்கம். அதற்கே அவருக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

சரி, பூசுகிற வேலைக்கு வருகிறேன். நிழல் வேண்டும், பானெட் கைக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். ஷாம்பூ போட்டு இரண்டு வாளியில் கழுவுங்கள், ஒன்று ஷாம்பூவுக்கு, இன்னொன்று துணியை அலச. பாத்திரம் கழுவுகிற சோப்பு வேண்டாம். கழுவிய பிறகு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவுங்கள். சொரசொரவென்று இருந்தால் கிளே பார், அதாவது ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கிற களிமண் கட்டி, போட வேண்டும். உங்கள் ஊரில் அந்தச் சொரசொரப்பு கட்டாயம் இருக்கும். கிளே கீழே விழுந்தால் எடுத்துக் கழுவிப் பயன்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள், குப்பைத் தொட்டியில் போடுங்கள். பிறகு மிக மெல்லிய பாலிஷ் ஒன்றை பானெட்டுக்கும் கூரைக்கும் மட்டும் கையால் போடுங்கள். எல்லாக் கீறலும் போகாது, பாதி மங்கும். அது போதும். கிளியர் கோட் மீதம் இருக்கட்டும்.

பாலிஷின் எண்ணெய் பெயிண்டில் இருந்தால் சீலன்ட் ஒட்டாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அதே அளவு தண்ணீர் கலந்து துணியில் நனைத்து ஒருமுறை துடைத்துவிடுங்கள். கறுப்பு பிளாஸ்டிக் ஓரங்களில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். சீலன்டைக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு பூச வேண்டும். முழு காருக்கு 30 மில்லிக்கு மேல் போனால் கை கனம் என்று அர்த்தம். காய்ந்ததா என்று பார்க்க விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு சுத்தமாக விழுந்தால் துடைக்கலாம், இழுகினால் இன்னும் காய வேண்டும்.

மூடுபனி அண்ணன் சொன்ன பாதிப் பாதிச் சோதனை நல்ல யோசனை. இரண்டும் வேண்டும் என்று ஆசைப்பட்டால் சீலன்ட் கீழே, வாக்ஸ் மேலே. ஒரு நாள் இடைவெளி விட்டு. மாற்றிப் போட்டால் சீலன்டுக்குப் பிடிக்க இடம் இருக்காது.

ஒரு கேள்வி. எந்தக் கதவோ பம்பரோ சமீபத்தில் வெளியே பெயிண்ட் அடித்ததா?


உப்பளத்து சிவப்பு, தூத்துக்குடி

அண்ணா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. நான் ஏற்கனவே ஒருமுறை அவரிடம் கொஞ்சம் வேகமாகப் பேசியிருக்கிறேன். இனி அப்படிப் பேச மாட்டேன்.

ஆமாம், பிப்ரவரியில் ஒரு ஆட்டோ உரசி இடது பின்கதவு ஒடுங்கிவிட்டது. டிங்கரிங் பார்த்து, பட்டி வைத்து, அந்த ஒரு கதவுக்கு மட்டும் பெயிண்ட் அடித்தோம். அதில் என்ன செய்ய?

தண்ணீர்தான் இன்னொரு கவலை. எங்கள் போர் தண்ணீர் உப்பு. கழுவிவிட்டுக் காயவிட்டால் வெள்ளை வட்டங்கள் விழுகின்றன. மாநகராட்சிக் குழாயில் தாமிரபரணித் தண்ணீர் வரும், ஆனால் குடிக்கவே அளந்துதான் பிடிக்கிறோம்.


பட்டித்தகடு, மதுரை

அந்தக் கதவைத் தொடாதீர்கள் டீச்சர். வெளியே அடிக்கிற பெயிண்டில் இருக்கிற தின்னர் முழுதாக வெளியேற இரண்டு, மூன்று மாதம் ஆகும். அதற்குள் மேலே மூடிவிட்டால் உள்ளே அடைபட்டுப் பின்னால் மங்கும், கொப்புளிக்கும். மே மாதம் வரை வெறும் தண்ணீர்க் கழுவல் மட்டும். அப்புறம் மற்ற இடங்களைப் போலவே பூசலாம்.

தண்ணீருக்கு: முதல் கழுவல், சோப்பு அலசல் எல்லாம் போர் தண்ணீரிலேயே செய்யுங்கள். கடைசியாக ஊற்றுவதற்கு மட்டும் ஒரு வாளி தாமிரபரணி. ஊற்றிய கையோடு பெரிய துவாலை மைக்ரோஃபைபரை விரித்து ஒற்றி எடுங்கள். காரைத் தானாகக் காயவிடாதீர்கள். சீலன்ட் போட்ட பிறகு தண்ணீர் முத்து முத்தாக நிற்கும், பார்க்க அழகுதான். ஆனால் உப்புத் தண்ணீர் முத்தாக நின்று வெயிலில் காய்ந்தால் ஒவ்வொரு முத்தும் ஒரு வெள்ளைப் புள்ளி. பரவி நின்றதைவிட அழுத்தமாக விழும். ஏற்கனவே இருக்கிற வட்டங்களுக்கு வெள்ளை வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து, நிழலில், ஒரு நிமிடம் வைத்து அலசுங்கள். பழையதாக இருந்தால் முழுதாகப் போகாது.


மூடுபனி, கோத்தகிரி

மைக்ரோஃபைபர் துணிகளைத் துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் திரவம் எதுவும் ஊற்ற வேண்டாம். இழைகள் பசை பிடித்துத் தண்ணீரை உறிஞ்சாது. ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளையும் வெட்டிவிடுங்கள், அதுவே கீறும்.

வாக்ஸ் பாதிக்கு கொலினைட் 845 கிடைத்தால் பாருங்கள். மின்கம்பங்களில் இருக்கிற இன்சுலேட்டர்களில் பூசுவதற்காக வந்த மெழுகு. கார்னவ்பாவோடு செயற்கைப் பொருட்களும் கலந்தது. சாதாரண மெழுகைவிட நாள் அதிகம் வரும். கிடைக்கவில்லை என்றால் எந்தக் கார்னவ்பா பேஸ்ட்டும் சரி, சின்ன டப்பாவாக வாங்குங்கள்.


உப்பளத்து சிவப்பு, தூத்துக்குடி

ஜூலை வந்துவிட்டது. எல்லாரும் கேட்டபடி எழுதுகிறேன்.

மார்ச் கடைசி சனி, ஞாயிறு வேலையை முடித்தோம். முடித்தோம் என்றுதான் சொல்ல வேண்டும், அப்பாவும் கூடவே நின்றார். பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவச் சொன்னேன். கையை எடுத்துவிட்டு, "உப்புத்தாள் மாதிரி இருக்கே" என்றார். கிளே போட்ட பிறகு மறுபடி தடவச் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. கிளேயை என் கையிலிருந்து வாங்கி, கூரை முழுக்க அவரே போட்டார். துணியைப் பற்றி நான் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. திங்கட்கிழமை காலை ஸ்பிரேயரோடுதான் வெளியே போனார்.

பானெட்டில் ஓட்டுநர் பக்கம் சீலன்ட், மறுபக்கம் சாதாரண கார்னவ்பா பேஸ்ட். கொலினைட் எனக்குக் கிடைக்கவில்லை. மற்ற இடமெல்லாம் சீலன்ட், பின்கதவைத் தவிர. 24 மணி நேரம் காரை வெளியே எடுக்கவில்லை, மரத்தடியில் தார்ப்பாய் கட்டி நிறுத்தினோம்.

முதல் இரண்டு வாரம் எந்தப் பக்கம் எதுவென்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டேன், அவர்களுக்கும் தெரியவில்லை. அப்பா மட்டும் வாக்ஸ் பக்கத்தைக் காட்டி, இந்தப் பக்கம் நிறம் இறங்கியிருக்கிறது என்றார். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேல் சாய்ந்த வெயிலில் நானும் பார்த்தேன். இருக்கிறது. சின்ன வித்தியாசம், ஆனால் இருக்கிறது. மூடுபனி அண்ணனுக்காக இதை எழுதுகிறேன்.

மே இரண்டாவது வாரம், அதாவது ஆறாவது வாரம், வாக்ஸ் பக்கத்தில் தண்ணீர் பரவ ஆரம்பித்தது. ஏழாவது வாரத்தில் ஒன்றுமே இல்லை. சீலன்ட் பக்கம் இன்று பதினாறாவது வாரம். முத்துக்கள் முன்பு போல உருண்டையாக இல்லை, கொஞ்சம் தட்டையாகிவிட்டன. ஆனால் தண்ணீர் இன்னும் நிற்காமல் ஓடுகிறது. ஆனி பிறந்ததிலிருந்து காற்று விடாமல் அடிக்கிறது, தூசிக்குக் கணக்கே இல்லை. ஸ்பிரேயரில் நனைத்ததும் சீலன்ட் பக்கத்துத் தூசி தானாக ஓடுகிறது. மறுபக்கம் மூன்று தடவை அடிக்க வேண்டியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் அப்பாவின் கைக்குத் தெரிகிறது.

மே மாதம் ஒரு கல்யாணத்துக்கு பஸ்ஸில் திருச்செந்தூர் போய் இரண்டு நாள் தங்கிவிட்டோம். கார் வாசலில் நின்றது. வந்து பார்த்தால் சீலன்ட் பக்கத்தில் பெரிய காக்கை எச்சம், காய்ந்து கிடந்தது. ஈரத் துணி போட்டு எடுத்தோம். கட்டை விரல் அகலத்துக்கு ஒரு வளையம் மங்கலாக நிற்கிறது. சீலன்ட் இருந்தும் அது விழுந்ததுதான் எனக்கு வருத்தம். அதை என்ன செய்யலாம்? கீறல்கள் பாதிக்கு மேல் மங்கியிருக்கின்றன. புதிதாக ஒன்றும் விழவில்லை, சாயங்கால வெயிலில் வாரந்தோறும் பார்க்கிறேன்.

செலவு 2,340 ரூபாய் ஆனது, ஸ்பிரேயரும் துணிகளும் சேர்த்து. சீலன்டில் இன்னும் முக்கால் புட்டி இருக்கிறது.


பட்டித்தகடு, மதுரை

டீச்சர், மே வெயிலில் இரண்டு நாள் கிடந்த எச்சத்தை எந்தப் பூச்சும் தாங்காது. எச்சம் புளிப்பு. பெயிண்ட் வெயிலில் விரிந்து இளகும், ராத்திரி சுருங்கி இறுகும்போது காய்ந்த எச்சத்தின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். சீலன்ட் உங்களுக்குச் சில மணி நேரம் வாங்கிக் கொடுக்கும், இரண்டு நாளை வாங்கித் தராது. ஊருக்குப் போகும்போது மரத்தடியை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள், அல்லது பானெட்டில் ஒரு பழைய போர்வையாவது போடுங்கள், காற்றில் ஆடாமல் கட்டி. போர்வைக்கு முன் கழுவியிருக்க வேண்டும்.

வளையத்துக்கு மார்ச்சில் போட்ட அதே மெல்லிய பாலிஷை விரலில் சுற்றிய துணியில் வைத்து, அந்த இடத்தில் மட்டும் முப்பது, நாற்பது தடவை தேயுங்கள். துடைத்துப் பார்த்து, வேண்டுமென்றால் இன்னொரு முறை. அதற்கு மேல் வேண்டாம், மிச்சம் இருந்தால் இருக்கட்டும். ஆல்கஹால் துடைத்து அந்த இடத்துக்கு மறுபடி சீலன்ட்.

வாக்ஸ் போன பாதிக்கும் இப்போதே சீலன்ட் போட்டுவிடுங்கள், ஆல்கஹாலால் இரண்டு முறை துடைத்த பிறகு. முழு வண்டிக்கும் அடுத்த பூச்சு செப்டம்பர் கடைசியில், ஐப்பசி மழை தொடங்கும் முன். மீதமிருக்கிற வாக்ஸ் டப்பாவை அப்பாவிடம் கொடுங்கள். அவருக்குத் தோன்றும்போது பானெட்டுக்கு மட்டும் மேலே பூசிக்கொள்ளட்டும், நிறம் இறங்குவதைப் பார்க்கத் தெரிந்த கண் அது.

அந்தப் பின்கதவுக்கு மே மாதம் சீலன்ட் போட்டீர்களா? அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே.


உப்பளத்து சிவப்பு, தூத்துக்குடி

மறந்தே போய்விட்டது அண்ணா. இந்தச் சனிக்கிழமை போட்டுவிடுகிறோம், வளையத்தையும் அன்றே பார்க்கிறோம். அப்பா உங்கள் பதிவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அம்பாசிடருக்கு ஞாயிற்றுக்கிழமை என்ன மெழுகு போடுவீர்கள் என்று கேட்கச் சொன்னார்.